பீச் மரத்தில் ஒட்டுக்கட்டுதலும் வேர்ச்செடித் தேர்வும்

பீச் அல்லது குழிப்பேரி என்பது ரோசேசி குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஒரு பழ மரம். இதன் தாவரவியல் பெயர் புரூனஸ் பெர்சிகா. இதன் தாயகம் சீனா. பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவை அடைந்ததால் ‘பெர்சிகா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நெக்டரின் எனப்படும் வழவழப்பான தோல் கொண்ட பழமும் இதே இனம்தான். ஒரு மரபணு மாற்றத்தால் தோலில் உள்ள பூமுடி இல்லாமல் போனதே வேறுபாடு.

வணிகத் தோட்டங்களில் காணப்படும் பீச் மரம் பெரும்பாலும் ஒரே செடி அன்று. இரண்டு செடிகளின் சேர்க்கை. பழம் தரும் மேற்பகுதி ஒட்டுத்தண்டு எனப்படும். மண்ணுக்குள் இருக்கும் வேரும் அடித்தண்டும் வேர்ச்செடி அல்லது வேர்க்கட்டை எனப்படும். பழத்தின் சுவை, நிறம், பழுக்கும் காலம் ஆகியவற்றை ஒட்டுத்தண்டு தீர்மானிக்கிறது. மண்ணில் உள்ள நூற்புழு, சுண்ணாம்பு, தேங்கும் நீர் ஆகியவற்றை எதிர்கொண்டு மரம் எத்தனை ஆண்டு வாழும் என்பது பெருமளவு வேர்ச்செடியைப் பொறுத்தது.

பொருந்தாத வேர்ச்செடியில் கட்டிய கன்றும் நடும் நாளில் நல்ல கன்றைப் போலவே தெரியும். அதன் குறை பெரும்பாலும் மரம் காய்க்கத் தொடங்கிய பிறகே வெளிப்படும். அதற்குள் நிலம், நீர், உழைப்பு என எல்லாம் செலவாகியிருக்கும். ஆகவே ஒட்டுக்கட்டும் கைத்திறனைப் போலவே வேர்ச்செடியை மண்ணுக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுப்பதும் முக்கியமானது.

விதையிலிருந்து வளர்ப்பதில் உள்ள சிக்கல்

பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் மரம். ஆப்பிள் விதையிலிருந்து வரும் மரம் தாயிலிருந்து வெகுவாக மாறிவிடும். பீச் விதையில் அந்த மாற்றம் குறைவு. கொட்டையை நட்டால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் உண்ணத்தக்க பழம் கிடைப்பதும் உண்டு. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் தென்பகுதிக்குக் கொண்டுவந்த பீச், கொட்டைகள் வழியாகவே அங்குள்ள பழங்குடி மக்களிடையே வேகமாகப் பரவியது.

ஆனால் ‘ஏறக்குறைய ஒரே மாதிரி’ என்பது சந்தைக்குப் போதாது. விதைக்கன்றுகள் ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட நாளில் பழுக்கும். அளவும் உறுதியும் மாறும். ஒரு தோட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வர வேண்டுமானால் எல்லா மரங்களும் ஒரே தாய்மரத்தின் படிகளாக இருக்க வேண்டும். அதற்கு ஒட்டுக்கட்டுதல் போன்ற பாலிலா இனப்பெருக்க முறை தேவை.

இதற்கு எல்பெர்ட்டா என்ற வகையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சாமுவேல் ரம்ப் என்பவர் 1870-களில் இதை உருவாக்கினார். சீனாவிலிருந்து வந்த ‘சைனீஸ் கிளிங்’ என்ற வகையின் கொட்டையிலிருந்து முளைத்த ஒரு கன்றே இதன் மூலமரம். தொலைதூரச் சந்தைக்கு ரயிலில் அனுப்பத்தக்க பழமாக இருந்ததால் இது அமெரிக்கா முழுவதும் பரவியது. அத்தனை எல்பெர்ட்டா மரங்களும் அந்த ஒரு மரத்தின் மொட்டுகளிலிருந்து வழிவழியாக வந்தவை.

ஒட்டு இணையும் விதம்

மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய திசு உள்ளது. இது உள்பக்கம் நீரைக் கடத்தும் சைலத்தையும், வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தையும் உருவாக்குகிறது. வெட்டுப்பட்ட இரண்டு பகுதிகளின் கேம்பியங்கள் ஒன்றையொன்று தொடும்படி இறுகக் கட்டினால், இரு பக்கமும் கேலஸ் என்னும் காயம் ஆற்றும் திசு வளர்ந்து இடைவெளியை நிரப்பும். பின்னர் அதனூடே புதிய கேம்பியம் தொடர்ச்சியாக உருவாகி, இரு செடிகளின் சைலமும் ஃபுளோயமும் இணையும்.

இணைந்த பிறகும் இரு செடிகளின் மரபணுக்கள் கலப்பதில்லை. ஒட்டுக்கு மேலே வரும் கிளை ஒட்டுத்தண்டின் வகையாகவும், ஒட்டுக்குக் கீழே வரும் கிளை வேர்ச்செடியின் வகையாகவுமே இருக்கும்.

வேர்ச்செடி நாற்றுகளைத் தயாரித்தல்

பெரும்பாலான பீச் வேர்ச்செடிகள் கொட்டையிலிருந்தே வளர்க்கப்படுகின்றன. எந்தப் பழத்தின் கொட்டையும் இதற்கு உதவும் என எண்ணுவது தவறு. மிக விரைவில் பழுக்கும் வகைகளில் பழச்சதை முதிரும்போதும் உள்ளே கரு முதிர்ச்சி அடைந்திருக்காது. அத்தகைய கொட்டைகள் முளைப்பது அரிது. இடைக்காலத்திலும் பின்பருவத்திலும் பழுக்கும் மரங்களின் கொட்டைகளே ஏற்றவை.

பீச் விதை முதிர்ந்த உடனே முளைக்காது. குளிர்காலம் கடந்துவிட்டது என்பதை உணர்ந்த பிறகே அதன் உறக்கம் கலையும். நாற்றங்காலில் இந்தக் குளிர்காலத்தைச் செயற்கையாக உருவாக்குவதே குளிர் நேர்த்தி. இதன் படிகள் வருமாறு:

1. சதையை முழுவதும் நீக்கிக் கழுவிய கொட்டைகளை நிழலில் உலர்த்த வேண்டும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.
2. கொட்டைகளை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.
3. ஈரமணல் அல்லது ஈரமான தேங்காய் நார்க்கழிவில் கலந்து, காற்றோட்டம் உள்ள பையிலோ பெட்டியிலோ இட வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமே போதும்.
4. ஏறக்குறைய 4 முதல் 7 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 3 முதல் 4 மாதம் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு இதற்குப் பொருந்தும். உறைய விடக் கூடாது.
5. கொட்டை பிளந்து வெண்ணிற முளைவேர் தெரியத் தொடங்கியதும் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும்.

குளிர் நேர்த்தி போதாமல் போனால் ஒரு விந்தையான விளைவு ஏற்படும். விதை முளைத்தாலும் தண்டின் கணுக்கள் நீளாமல் இலைகள் ஒரே இடத்தில் கொத்தாக நெருங்கி, செடி குட்டையாக நின்றுவிடும். இது நோயோ சத்துக் குறைபாடோ அன்று. இத்தகைய நாற்றுகளுக்கு உரமிட்டுப் பயனில்லை. ஒட்டுக்கட்டவும் அவை உதவா.

கொட்டையை உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்து நேர்த்தி செய்தால் முளைப்பு விரைவுபடும். ஆனால் பருப்பில் கீறல் விழுந்தால் அழுகும். பீச் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் உள்ளது. உடலில் அது சிதையும்போது சயனைடு வெளிப்படும் என்பதால் பருப்பை உண்ணக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது நல்லது.

நாற்றுகள் வளரும்போது அடியிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம் வரை பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஒட்டுக்கட்டும் இடம் வழவழப்பாக இருக்க இது உதவும். தண்டு பென்சில் பருமன் அடைந்ததும் ஒட்டுக்கட்டலாம்.

மொட்டுக்குச்சியைத் தேர்ந்தெடுத்தல்

பீச் மரத்தில் தனித்தண்டை ஒட்டுவதைவிட ஒற்றை மொட்டைப் பதிக்கும் மொட்டுக்கட்டுதல் முறையே உலகெங்கும் அதிகம் வழக்கில் உள்ளது. அதற்கான குச்சிகளை அந்த ஆண்டு வளர்ந்த, வெயில் பட்ட, நலமான கிளைகளிலிருந்து எடுக்க வேண்டும். வெட்டிய உடனே இலைகளைக் கத்தரித்து, இலைக்காம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவு மட்டும் விட்டுவிட வேண்டும். இலை இருந்தால் குச்சி விரைவில் வாடும். விட்டுவைத்த காம்பு மொட்டைப் பிடித்துச் செருகக் கைப்பிடியாகும்.

பீச் மரத்தின் ஒரு கணுவில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று மொட்டுகள் இருக்கலாம். மூன்று இருந்தால் வழக்கமாக ஓரங்களில் இருப்பவை பருத்த பூமொட்டுகள். நடுவில் இருப்பது கூர்மையான இலைமொட்டு. பூமொட்டு மட்டும் உள்ள கணுவைப் பதித்தால் ஒட்டு இணைந்தாலும் பூ மலர்ந்து உதிர்வதோடு சரி, கிளை வராது. ஆகவே இலைமொட்டு உள்ள கணுவையே எடுக்க வேண்டும். குச்சியின் நுனிப்பகுதி இளசாகவும் அடிப்பகுதியின் மொட்டுகள் வலுக்குறைந்தும் இருப்பதால் நடுப்பகுதியே சிறந்தது.

மொட்டுக்கட்டும் பருவங்கள்

கோடைத் தொடக்க மொட்டுக்கட்டுதல்: வளர்பருவம் நீண்ட கலிபோர்னியா, அமெரிக்கத் தென்மாநிலங்கள் போன்ற இடங்களில் மே, ஜூன் மாதங்களில் செய்யப்படுகிறது. பதித்த மொட்டு அதே ஆண்டில் வளர்ந்து, ஆண்டு முடிவில் நடவுக்குக் கன்று தயாராகிவிடும். நாற்று இளசாக இருப்பதால் ஒட்டுக்குக் கீழே சில இலைகளைக் கட்டாயம் விட்டுவைக்க வேண்டும். அந்த இலைகள் தயாரிக்கும் உணவுதான் வேரைக் காப்பாற்றும்.

கோடை இறுதி மொட்டுக்கட்டுதல்: குளிர் மிகுந்த நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செய்யப்படுகிறது. மொட்டு இணைந்து, குளிர்காலம் முழுவதும் உறங்கி, அடுத்த வசந்தத்தில் தளிர்க்கும். கன்று தயாராகக் கூடுதலாக ஓராண்டு ஆகும். ஆனால் கன்று வலுவாக இருக்கும்.

இந்தியாவின் இமயமலைப் பகுதிகளில் குளிர்கால முடிவில் நாக்கு ஒட்டும், மே, ஜூன் மாதங்களில் மொட்டுக்கட்டுதலும் வழக்கில் உள்ளன.

‘டி’ வடிவ மொட்டுக்கட்டுதல் செய்முறை

வேர்ச்செடியின் பட்டை கட்டையிலிருந்து எளிதாகப் பிரியும் நாட்களில் மட்டுமே இதைச் செய்ய முடியும். முந்தைய நாள் நாற்றுகளுக்கு நீர் பாய்ச்சினால் பட்டை நன்கு பிரியும்.

1. தரையிலிருந்து 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் வழவழப்பான இடத்தைத் துணியால் துடைக்க வேண்டும்.
2. கூரிய கத்தியால் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்தில் நெடுக்காகவும், அதன் மேல்முனையில் குறுக்காகவும் பட்டையை மட்டும் கீற வேண்டும். இது ஆங்கில எழுத்து ‘டி’ போலத் தோன்றும்.
3. மொட்டுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் கத்தியை வைத்து மேல்நோக்கிச் சீவி, மொட்டை ஒரு சிறு கேடயம் போல எடுக்க வேண்டும்.
4. கீறிய பட்டையின் இரு மடல்களையும் மெல்லத் தூக்கி, மொட்டின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்படி கேடயத்தை உள்ளே செருக வேண்டும். தலைகீழாகச் செருகக் கூடாது.
5. மொட்டின் முனை மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் அல்லது ரப்பர் பட்டையால் மேலும் கீழும் இறுகச் சுற்ற வேண்டும்.

சீவுவதற்கும் செருகுவதற்கும் இடையே தாமதம் கூடாது. வெட்டுப்பகுதி காய்ந்தால் கேம்பியம் இறந்துவிடும். ஆகவே உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது. வெட்டுமுகத்தை விரலால் தொடக் கூடாது.

பட்டை பிரியாத பருவத்தில் சில்லு மொட்டுக்கட்டுதல் உதவும். இதில் மொட்டோடு சிறிதளவு கட்டையையும் சேர்த்துச் சில்லாகச் சீவி, வேர்ச்செடியிலும் அதே அளவு சில்லை நீக்கிய இடத்தில் பொருத்திக் கட்டுவர். இரண்டின் பருமனும் வேறுபட்டால் ஒரு பக்கக் கேம்பியமாவது நேராகப் பொருந்த வேண்டும்.

பின்செய் நேர்த்தி

இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடிவு தெரியும். விட்டுவைத்த இலைக்காம்பை விரலால் தொட்டதும் அது உதிர்ந்து, மொட்டு பசுமையாக இருந்தால் ஒட்டு இணைந்துவிட்டது. காம்பு காய்ந்து சுருங்கி உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு பெரும்பாலும் தோற்றுவிட்டது. தண்டின் வேறு பக்கத்தில் மீண்டும் கட்டலாம்.

ஒட்டு இணைந்ததும் கட்டைத் தளர்த்த வேண்டும். இல்லையெனில் பருக்கும் தண்டில் அது இறுகிப் பள்ளம் விழும். கோடை இறுதியில் கட்டிய நாற்றின் தலைப்பகுதியைக் குளிர்கால முடிவில் மொட்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கோடைத் தொடக்கத்தில் கட்டியதில் தலைப்பகுதியை ஒரே நாளில் வெட்டாமல், முதலில் பாதியாகக் குறைத்து, மொட்டு வளரத் தொடங்கிய பிறகு முழுவதும் நீக்குவர்.

வேர்ச்செடியிலிருந்து வரும் கிளைகளை அவ்வப்போது நீக்காவிட்டால் அவை ஒட்டுக்கிளையை முந்தி வளர்ந்துவிடும். ‘நல்ல வகைக் கன்று சில ஆண்டில் காட்டுப்பழம் காய்த்தது’ என்று கூறப்படும் பல நிகழ்வுகளில் உண்மையில் ஒட்டுப்பகுதி இறந்து, வேர்ச்செடிக் கிளையே மரமாகியிருக்கும்.

பிற பெருக்க முறைகள்

தண்டொட்டு: குளிர்கால முடிவில் உறக்கநிலையில் உள்ள தண்டை நாக்கு ஒட்டு, ஆப்பு ஒட்டு முறைகளில் இணைக்கலாம். ஆப்பிளைக் காட்டிலும் பீச் தண்டொட்டில் வெற்றி குறைவு. பீச்சில் கேலஸ் நன்கு வளரச் சற்றுக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. மேலும் காயம் பட்ட இடத்தில் பிசின் கசியும் இயல்பும் உண்டு.

தண்டுக்குச்சி: பீச் குச்சிகள் எளிதில் வேர்விடுவதில்லை. இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியில் நனைத்து, அடிப்பகுதிக்குச் சற்று வெப்பம் கொடுத்தால் சில வகைகள் வேர்விடும். கலப்பின வேர்ச்செடிகளைப் பெருக்க இது பயன்படுகிறது.

திசு வளர்ப்பு: பீச்சும் பாதாமும் கலந்த கலப்பினங்களை விதையால் பெருக்கினால் இயல்பு மாறிவிடும். அவை ஆய்வுக்கூடங்களில் திசு வளர்ப்பு மூலம் பெருமளவில் பெருக்கப்படுகின்றன.

முக்கிய வேர்ச்செடிகள்

லவல், ஹால்ஃபோர்டு: இவை கலிபோர்னியாவில் உலர்த்தவும் டப்பாவில் அடைக்கவும் வளர்க்கப்பட்ட பீச் வகைகள். பழத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய கொட்டைகள் ஏராளமாகக் கிடைத்ததால் வேர்ச்செடியாகப் பயன்பட்டன. ஒரே சீராக முளைக்கும். பீச் வகைகளோடு நன்கு இணையும். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்காது.

நெமகார்டு: அமெரிக்க வேளாண் துறை 1959-இல் வெளியிட்டது. மணற்பாங்கான நிலங்களில் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுக்களின் முக்கிய இனங்களை எதிர்க்கும். கலிபோர்னியாவின் பீச், பாதாம் தோட்டங்களில் பெரிதும் பரவியது. கடுங்குளிரைத் தாங்காது.

கார்டியன்: அமெரிக்க வேளாண் துறையும் கிளெம்சன் பல்கலைக்கழகமும் உருவாக்கி 1990-களில் வெளியிட்டன. தென்கிழக்கு அமெரிக்காவில் பீச் இளமரங்களின் சாவைக் குறைத்தது.

ஃபுளோர்டகார்டு: ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கியது. குளிர் குறைந்த பகுதிகளுக்கு ஏற்றது. நெமகார்டின் எதிர்ப்பை முறியடித்த ஒரு நூற்புழு இனம் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. அதையும் ஃபுளோர்டகார்டு எதிர்க்கும். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை கொண்ட மண்ணுக்கு ஏற்றதன்று. இலைகள் செந்நிறமாக இருப்பதால் வேர்ச்செடிக் கிளையை எளிதில் அடையாளம் கண்டு நீக்கலாம்.

பெய்லி: குளிரைத் தாங்கும் பீச் வேர்ச்செடி. வட அமெரிக்காவின் வடபகுதிகளில் பயன்படுகிறது.

ஜி.எஃப். 677: பிரான்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட பீச்–பாதாம் கலப்பினம். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் பீச் வேர் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் இலைகள் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். இந்தக் குறையை ஜி.எஃப். 677 பெரிதும் தாங்கும். வறட்சியையும் தாங்கும். மத்தியதரைக்கடல் நாடுகளில் பெரிதும் பயன்படுவது இதனால்தான். ஆனால் நீர் தேங்கும் மண்ணுக்கும் வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்துக்கும் ஏற்றதன்று.

கார்னெம்: ஸ்பெயினில் உருவான பாதாம்–பீச் கலப்பினம். சுண்ணாம்பைத் தாங்குவதோடு வேர்முடிச்சு நூற்புழுவையும் எதிர்க்கும். இதன் இலைகளும் செந்நிறம்.

செயின்ட் ஜூலியன் ஏ: ஒரு பிளம் வகை. இங்கிலாந்தில் பீச்சுக்கு வேர்ச்செடியாகப் பயன்படுகிறது. ஈரம் மிகுந்த, களிப்பான மண்ணைப் பீச் வேரைவிட நன்கு தாங்கும். மரத்தின் உயரத்தையும் ஓரளவு குறைக்கும்.

கன்ட்ரோலர் வரிசை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவானவை. மரத்தைச் சிறிதாக வைத்து, ஏணியின்றிக் கவாத்தும் அறுவடையும் செய்ய உதவுகின்றன. குட்டையாக்கும் வேர்ச்செடிகளில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் குறுகலாக இருப்பதும், அதனால் நண்பகலில் கிளைக்குச் செல்லும் நீர் குறைவதும் இதற்கு முக்கியக் காரணம் என ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு சிக்கலைத் தீர்த்த வேர் இன்னொன்றில் வீழ்ந்த கதை

எல்லா இடத்துக்கும் ஏற்ற வேர்ச்செடி எதுவும் இல்லை என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலைனா மாநிலங்களின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 3 முதல் 7 வயதுள்ள மரங்கள், நன்றாகக் காய்க்கத் தொடங்கிய நேரத்தில், குளிர்கால முடிவிலோ பூக்கும் தருணத்திலோ திடீரெனப் பட்டுப்போயின. பட்டையை உரித்தால் உட்பகுதி பழுப்பேறிப் புளித்த வாடை வீசும். வேர் மட்டும் உயிரோடு இருக்கும். சில வாரங்களில் அடியிலிருந்து புதிய கிளைகள் கிளம்பும். இதற்கு ‘பீச் குறுவாழ்வு நோய்’ என்று பெயர்.

இது ஒரே கிருமியால் வருவதன்று. மணற்பாங்கான மண்ணில் வாழும் வளைய நூற்புழு வேரை உறிஞ்சி மரத்தை நலிவுறச் செய்கிறது. நலிந்த மரம் உறைபனியையோ, சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவால் வரும் பட்டைப் புண்ணையோ தாங்க இயலாமல் இறக்கிறது. பனிக்காலத் தொடக்கத்திலேயே கவாத்து செய்வதும் மரத்தின் குளிர் தாங்கும் திறனைக் குறைக்கிறது.

வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அஞ்சி நெமகார்டில் நட்ட தோட்டங்கள் இந்நோய்க்கு எளிதில் இரையாயின. வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுத்த அந்த வேரால் வளைய நூற்புழுவின் விளைவைத் தாங்க முடியவில்லை. லவல் வேரில் இருந்த மரங்கள் குறுவாழ்வு நோயில் ஓரளவு பிழைத்தன. ஆனால் அவற்றுக்கு வேர்முடிச்சு நூற்புழு எதிரி. இரண்டையும் சமாளிக்கும் வேர் தேவை என்ற நிலையில்தான் நீண்ட காலத் தேர்வுக்குப் பின் கார்டியன் வெளியானது. அதுவும் வளைய நூற்புழுவை அழிப்பதில்லை. அது இருக்கும் மண்ணில் மரம் உயிரோடு நிற்க உதவுகிறது. ஆகவே கவாத்தைக் குளிர்கால இறுதிக்குத் தள்ளுவது, மண்ணின் அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்வது ஆகியவையும் கூடவே பரிந்துரைக்கப்படுகின்றன.

ஒட்டு ஒவ்வாமை

பீச், பிளம், பாதாம், சர்க்கரை பாதாமி ஆகியவை ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயினும் எல்லாம் எல்லாவற்றோடும் இணைவதில்லை. பீச்சைப் பீச் வேரில் கட்டினால் சிக்கல் இல்லை. பீச்–பாதாம் கலப்பின வேரிலும் நன்கு இணையும். பிளம் வேர்களில் செயின்ட் ஜூலியன் போன்றவை பொருந்தும். மைரோபாலன், மரியானா போன்றவற்றில் பல பீச் வகைகள் நிலைப்பதில்லை.

ஒவ்வாமை இருவகைப்படும். ஒன்று, ஒட்டு இடத்தில் திசு தொடர்ச்சியாக உருவாகாமல், பல ஆண்டு கழித்துக் காற்றில் மரம் அந்த இடத்திலேயே முறிவது. மற்றொன்று, ஒட்டு உறுதியாகத் தெரிந்தாலும் ஃபுளோயம் சிதைந்து உணவு கீழே இறங்காமல் போவது. இதில் ஒட்டுக்கு மேலே மாவுச்சத்து தேங்கும்; வேர் பட்டினியால் வாடும்; இலைகள் பருவத்துக்கு முன்பே மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி உதிரும். மைரோபாலன் வேரில் கட்டிய சில பீச் வகைகளில் இரண்டாவது வகை ஒவ்வாமை காணப்படுகிறது. இரண்டுக்கும் பொருந்தும் வேறொரு தண்டை இடையில் வைத்து ஒட்டினாலும் அது தீர்வதில்லை.

மொட்டோடு பரவும் நோய்கள்

ஒரு தாய்மரத்தில் நச்சுயிரி இருந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மொட்டிலும் அது இருக்கக்கூடும். கத்தியைக் கிருமிநீக்கம் செய்வது பாக்டீரியாவைத் தடுக்கும். மொட்டுக்குள் இருக்கும் நச்சுயிரியைத் தடுக்காது. பிளம் பாக்ஸ் நச்சுயிரி இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அசுவினிப் பூச்சிகளாலும் ஒட்டுக்கட்டுதலாலும் பரவும் இது 1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கண்டறியப்பட்டது. நோயுற்ற மரங்களோடு அவற்றின் அண்டைத் தோட்டங்களும் அழிக்கப்பட்டன. நாட்டிலிருந்து நோய் ஒழிந்ததாக 2019-இல்தான் அறிவிக்க முடிந்தது.

ஆகவே நோய் இல்லை எனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட தாய்மரங்களிலிருந்தே மொட்டு எடுக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து குச்சிகளைத் தனிமைப்படுத்தும் சோதனையின்றிக் கொண்டுவருவது, ஒரு மரத்துக்காக ஒரு வட்டாரத் தோட்டங்கள் அனைத்தையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

குளிர் குறைந்த பகுதிகளில் தேர்வு

பீச் மொட்டுகள் உறக்கம் கலைந்து சீராகத் தளிர்க்கக் குறிப்பிட்ட அளவு குளிர் தேவை. இது குளிர் மணிநேரம் என்ற அளவால் கூறப்படுகிறது; ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே கழியும் நேரத்தைக் கூட்டிப் பெறுவது. பழைய வகைகள் பலவற்றுக்கு 700 மணிநேரத்துக்கும் அதிகம் வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய வகைகளுக்கு அதில் சிறு பகுதியே போதும்.

தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் பிளம்ஸ், பேரிக்காயோடு பீச்சும் பயிராகிறது. அங்கு பரிந்துரைக்கப்படும் ஃபுளோரிடாசன் என்ற வகை இத்தகைய குறைந்த குளிர் வகையே. ஒட்டுத்தண்டுக்கு மட்டுமன்றி வேர்ச்செடிக்கும் இந்தப் பொருத்தம் தேவை. அதிகக் குளிர் கேட்கும் வேர்ச்செடியை வெப்பமான இடத்தில் பயன்படுத்தினால் மரம் வசந்தத்தில் சீராகத் தளிர்க்காமல் போகலாம். ஆகவே குளிர்நாட்டில் புகழ்பெற்றது என்பதற்காக ஒரு வேர்ச்செடியை இங்கே தேர்ந்தெடுக்கக் கூடாது.

நிலத்துக்கேற்ற வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் நிலத்தைப் பற்றிப் பின்வரும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும்:

• மழைக்குப் பின் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? பீச் வேர் நீர் தேங்குவதைத் தாங்காது. வடிகால் அமைக்க இயலாவிட்டால் பொருத்தமான பிளம் வேரை நாட வேண்டும்.
• மண்ணில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் எவ்வளவு? மிகுதியாக இருந்தால் பீச்–பாதாம் கலப்பினங்கள் ஏற்றவை.
• மண் மணற்பாங்கானதா? ஆம் எனில் நடுவதற்கு முன் நூற்புழுச் சோதனை அவசியம். எந்த இனம் என்பதையும் அறிய வேண்டும்.
• முன்பு பீச் இருந்த நிலமா? பழைய வேர்களில் எஞ்சிய நூற்புழுக்களும் பூஞ்சைகளும், வேர் அழுகும்போது வெளிப்படும் நச்சுப்பொருள்களும் புதிய கன்றை வளரவிடாமல் தடுக்கும். வேர்களை அகற்றி, சில பருவம் வேறு பயிர் செய்த பிறகு நடுவது நல்லது.
• குளிர்காலம் எத்தகையது? கடுங்குளிருக்கும் மிதமான குளிருக்கும் வேர்ச்செடிகள் வேறு வேறு.
• மரத்தை எந்த அளவில் வைக்க வேண்டும்? இது மேற்கண்ட கேள்விகளுக்குப் பிறகே வர வேண்டும்.

கன்று வாங்கும்போதும் நடும்போதும் கவனிக்க வேண்டியவை

ஒட்டுக்கன்றின் சீட்டில் பழ வகையின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரும் இருக்க வேண்டும். ‘ஒட்டுக்கன்று’ என்பதோடு நின்றால் பாதிச் செய்தியே கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். அடித்தண்டில் சிறு வளைவாகத் தெரியும் ஒட்டு இடத்தில் வெடிப்போ பிசின் கசிவோ இருக்கக் கூடாது. வேரில் முடிச்சுகளோ கழலைகளோ இருந்தால் கன்றைத் தவிர்க்க வேண்டும்.

நடும்போது ஒட்டு இடம் மண்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். அது புதைந்தால் ஒட்டுத்தண்டே வேர்விட்டு, தேர்ந்தெடுத்த வேர்ச்செடியின் பயன் இல்லாமல் போகலாம். நட்ட பின் பழ வகை பிடிக்காவிட்டால் கிளைகளில் வேறு வகையை மீண்டும் ஒட்டிக்கொள்ள முடியும். வேரை அவ்வாறு மாற்ற முடியாது. அதனால் மண்சோதனை, நூற்புழுச் சோதனை ஆகியவற்றின் முடிவுகள் கையில் வந்த பிறகே கன்றுக்குச் சொல்லிவைப்பது நல்லது.